என் ஃபால்கன் எக்ஸ்ஏவா, எக்ஸ்பியா? அடையாளம் காண உதவுங்கள்

இரண்டு மாதங்களுக்கு முன் மெல்போர்னில், 1979-இல் வந்த ‘மேட் மேக்ஸ்’ படத்தின் கறுப்புக் காரைப் போல மாற்றப்பட்ட ஃபோர்டு ஃபால்கன் ஹார்ட்டாப் (நடுத்தூண் இல்லாத இரண்டு கதவுக் கார்) ஒன்றை வாங்கினேன். படத்துக் காரைப் பலர் அமெரிக்க மஸ்டாங் என்று சொல்லும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. அது ஆஸ்திரேலியாவின் 1973 ஃபால்கன் எக்ஸ்பி ஜிடி (எக்ஸ்ஏ, எக்ஸ்பி, எக்ஸ்சி என்பவை 1970-களில் அடுத்தடுத்து வந்த ஃபால்கன் வரிசைகள்).

என்னுடையதும் எக்ஸ்பிதான் என்றார் விற்றவர். ஆனால் மூக்குப் பகுதி முழுவதும் கண்ணாடியிழை, அடையாளத் தகடு இல்லை, 351 கன அங்குல வி8 எஞ்சினும் வேறு காரிலிருந்து வந்தது. பின்விளக்குகளைப் பழைய படங்களோடு ஒப்பிட்டேன். அவையும் மாற்றப்பட்டவை போலிருக்கின்றன. கறுப்பைச் சுரண்டினால் அடியில் மஞ்சள் தெரிகிறது.

முன்பகுதியை நம்பாமல், உடற்கூட்டின் எந்த இடத்தைப் பார்த்து எக்ஸ்ஏ, எக்ஸ்பி, எக்ஸ்சி ஹார்ட்டாப்களைப் பிரித்தறியலாம்?