அப்ரண்டிஸ் டூ ஜெனரல்: கையெழுத்து எங்கே நின்றுபோகிறது? (ஃபால்கன்ரி குழு உரையாடல்)

செவ்வால்
ஃபால்கன்ரியில், அதாவது வேட்டைப் பறவையைப் பழக்கி வேட்டையாடுவதில், ரெண்டு சீசன் முடித்த ஒரு அப்ரண்டிஸ் (தொடக்க நிலை உரிமக்காரர்) அடுத்த நிலையான ஜெனரலுக்கு மனுப் போட, கையெழுத்துப் போட வேண்டிய மூத்தவரான ஸ்பான்சர் முன்னால் பறவையின் எடை நோட்டை விரித்தார். முதல் வருஷம் சுத்தம். ரெண்டாம் வருஷம் அக்டோபர் 20-ல் பிடித்த ரெட்டெயில் (சிவந்த வால் பருந்து). ஜனவரி 9-ல் "1,142 கிராம், அணில் சிக்கவில்லை" என்ற வரியோடு நோட்டு நின்றுவிட்டது. கீழே வெறும் கோடுகள். திறந்த பேனாவை ஸ்பான்சர் மூடி வைத்துவிட்டார்.

அமெரிக்க ஃபெடரல் விதி தெரிந்ததுதான். ரெண்டு வருஷம், ஒவ்வொரு வருஷமும் குறைந்தது 4 மாதம் பறவையை வைத்துப் பழக்கி, பறக்கவிட்டு, வேட்டைக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். முதல் வருஷம் ஆறு மாதம் ஓட்டிய மிச்சத்தை ரெண்டாம் வருஷக் கணக்கில் சேர்க்க முடியாது. பறவை தொலைந்தது, அது இருக்கும் இடத்தைக் காட்டும் டிரான்ஸ்மிட்டரின் பேட்டரி தீர்ந்ததால். ஆனால் வருஷம் கைவிட்டுப் போனது அதனால் இல்லை. வருஷத்துக்கு ரெண்டு காட்டுப் பறவை பிடிக்கலாம். தொலைந்ததை அரசின் பறவைப் பதிவுப் படிவமான ஃபார்ம் 3-186ஏ-யில் பதிந்துவிட்டு உடனே பால்-சாத்ரி (பருந்து பிடிக்கும் கண்ணிக்கூண்டு) போட்டிருக்கலாம். திரும்பி வரும், வரும் என்று காத்திருந்ததில் அந்த மாநிலத்தின் பிடிப்பு சீசன் முடிந்துவிட்டது.

கால்வார்
மாதத்தை மட்டும் எண்ணும் ஸ்பான்சரை ஒத்துக்கொள்ள முடியாது. எத்தனை இரை பிடித்தது என்று கேட்க வேண்டாமா?

ஓக் மரத்தடியில் ஒரு ரெட்டெயில் நரி அணிலை இடுப்பில் பிடித்தது. தலையில் இல்லை, இடுப்பில். அணில் உடம்பை முறுக்கித் திரும்பி பருந்தின் நடு விரலைக் கடித்தது. பத்தடி தள்ளி நின்ற அப்ரண்டிஸ் இன்னும் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். பல் விரல் மூட்டுக்குள் இறங்கிய அந்த நொடியில் பருந்து பிடியை விடவில்லை, இன்னும் இறுக்கியது. முதலில் அணில் தலையை அமுக்கிக் கழுத்தை முறிக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். இது கைவராதவருக்கு ஜெனரல் எதற்கு? பருந்தின் காலுக்குச் சாப்ஸ் என்ற தோல் உறையும் கட்டவில்லை.

மணிச்சத்தம்
கால்வார், ரெண்டு திருத்தம். சாப்ஸ் காலைத்தான் மூடும், விரலை மூடாது. கட்டியிருந்தாலும் அந்தக் கடி விழுந்திருக்கும். ஃபெடரல் விதியில் இரை எண்ணிக்கையும் கிடையாது. மாநிலமோ ஸ்பான்சரோ கூடுதலாகக் கேட்கலாம், அது வேறு. கெஸ்ட்ரல் என்ற சின்ன வேட்டைப் பறவையை வைத்து ஸ்டார்லிங் குருவி பிடிப்பவரை அணில் கணக்கில் அளப்பது அநியாயம். அந்தச் சின்ன உடம்பில் ரெண்டு மூன்று கிராம் பிசகினாலே உயிருக்கு ஆபத்து. 0.1 கிராம் காட்டும் தராசில் அதை ரெண்டு குளிர்காலம் காப்பாற்றுவது லேசான வேலை இல்லை.

கடிபட்ட விரலை அன்றைக்கே சலைனில் கழுவி, 0.05 சதவீதம் வரை நீர்த்த குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் துடைத்து, மறுநாள் காலையில் இன்னொரு காலின் அதே விரலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீங்கி, சூடாக இருந்தால் பறவை மருத்துவரிடம் போக வேண்டும். மேலே பொருக்குக் கட்டியதும் ஆறிவிட்டது என்று நினைப்பதால்தான் உள்ளே சீழ் வைத்து விரலே போகிறது.

நோட்டு விஷயம். தினம் ஒரே நேரத்தில், பெல்லெட் (செரிக்காத முடி, இறகு உருண்டை) கக்கிய பிறகு, காலில் கட்டிய அதே தோல் வார், அதே மணியோடு எடை போடுங்கள். எடை, கொடுத்த தீனி எத்தனை கிராம், குளிர், பறந்த இடம், பாய்ந்தது எத்தனை தடவை, சிக்கியது எது. "இன்று பறக்கவில்லை, மழை" என்ற வரியும் வேண்டும். பறவை வந்தாலும் போனாலும் 10 நாளுக்குள் 3-186ஏ; தொலைந்த பறவை என்றால் 30 நாளில் கிடைக்காதபோது அதிலிருந்து 10 நாள். அதன் நகல், பறவை கைவிட்டுப் போன பிறகும் 5 வருஷம் இருக்க வேண்டும். ஸ்பான்சர் கடிதத்தில் "நன்றாகச் செய்தார்" போதாது. எந்தப் பறவை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று ரெண்டு வருஷத்துக்கும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். மார்ச்சில் காட்டில் விட்டிருந்தால் பயப்பட வேண்டாம், பிடித்துத் திரும்பக் காட்டில் விடுவதும் பயிற்சியில் சேரும் என்று விதியே சொல்கிறது. பயிற்சிப் பள்ளிச் சான்றிதழை மட்டும் ரெண்டு வருஷத்துக்கு ஈடாகக் காட்டாதீர்கள், எடுபடாது. வயது 16 ஆகியிருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட, வேட்டைக்கு விடும்போது துளை வைத்த வாரைக் கழற்றித் துளையில்லாத வாரை மாட்டுங்கள். துளை கிளைக்கொம்பில் மாட்டினால் பறவை தலைகீழாகத் தொங்கும்.

பனிக்காடு
இங்கே யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஜெனரல் கிடைத்தால் மூன்று பறவை வரை வைக்கலாம். வைத்தே ஆக வேண்டும் என்று இல்லை. முதல் வாரத்திலேயே கோஷாக் என்ற காட்டுப் பருந்தைப் பிடித்து, பூஞ்சைத் தடுப்பு மருந்து கொடுக்காமல் பழக்கத் தொடங்குகிறார்கள். புதிதாகப் பிடித்த கோஷாக்குக்கு அலைச்சலில் அஸ்பர்ஜில்லோசிஸ் (மூச்சுப்பாதைப் பூஞ்சை நோய்) எளிதில் தொற்றும். குரல் மாறி, வாய் திறந்து மூச்சு வாங்கும்போது காலம் கடந்திருக்கும். பிடிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் பேசி மருந்தை வாங்கி வையுங்கள்.

செவ்வால்
கால்வார், உங்கள் அணில் கதைக்கும் என் நோட்டுக்கும் சண்டையே இல்லை. நோட்டு நின்றுபோன அந்த அப்ரண்டிஸ் மறு சீசனில் செப்டம்பர் கடைசியிலேயே பழுப்பு வால் இளம்பறவை ஒன்றைப் பிடித்தார். இந்த முறை நோட்டில் எடைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் இருந்தது: டிரான்ஸ்மிட்டர் பேட்டரி மாற்றிய தேதி.