தொலைவழிக் கண் பரிசோதனை: இணையம் மோசமான ஊர்களில் நடக்குமா?

நடைவண்டி:
எங்கள் தன்னார்வக் குழுவுக்கு ஒரு ஃபண்டஸ் கேமரா கிடைக்கப் போகிறது. கண் மருத்துவரே இல்லாத கிராமங்களில் சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைப் படமெடுத்து, தூரத்திலிருக்கும் மருத்துவரிடம் காட்டலாம் என்று திட்டம். கவலையெல்லாம் இணையம்தான். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் வீடியோ அழைப்பு எப்படி எடுபடும்?

படம்பார்ப்பவள்:
வெளியூர் மையங்களிலிருந்து வரும் விழித்திரைப் படங்களைப் பார்த்து நோய் அறிகுறி இருக்கிறதா என்று குறிப்பதுதான் என் வேலை. இதற்கு வீடியோ அழைப்பே வேண்டாம். படத்தைச் சேமித்து வைத்து, சிக்னல் வந்ததும் அனுப்புங்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது இருட்டறையைப் பற்றி. சிரிக்காதீர்கள்! சொட்டு மருந்து போடாமல் படமெடுக்க வேண்டுமென்றால் கண்பாவை தானாக விரிய வேண்டும். வெளிச்சமான கூடத்தில் அது விரியாது. ஒரு கண்ணில் ஃபிளாஷ் பட்டால் மற்றக் கண்ணின் பாவையும் சுருங்கிவிடும், கொஞ்சம் பொறுத்துத்தான் அடுத்ததை எடுக்க வேண்டும். வரிசை நீளமாக இருந்தால் யார் பொறுக்கிறார்கள்? ஓரமெல்லாம் கறுத்துப்போன படங்கள்தான் எனக்கு வந்து சேரும். வயதானவர்களுக்குப் பாவையும் சிறுத்து, கண்புரையும் இருந்தால் எல்லாமே மங்கல்.

‘படம் தெளிவில்லை’ என்று நான் எழுதி அனுப்புவதை ‘கோளாறு இல்லை’ என்று எடுத்துக்கொள்ளும் முகாம்களும் உண்டு. எரிச்சலாக வரும். தெளிவில்லாத கண்ணை நேரில் காட்டியே ஆக வேண்டும். மறைப்பது புரையாக இருந்தால் அதுவே சிகிச்சை தேவைப்படும் நோய்தானே.

ஐயப்பன்பேட்டை:
இப்போதுதான் படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வந்துவிட்டதே? 2018லேயே அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதற்கு அனுமதி கொடுத்துவிட்டது.

படம்பார்ப்பவள்:
அந்த மென்பொருளும் மங்கல் படத்தை ஏற்காது. அதோடு அதற்குக் கொடுத்த அனுமதி சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பைக் கண்டுபிடிக்க மட்டும். கண் அழுத்த நோய் இருக்கிறதா என்று அது சொல்லாது.

மேற்குவாசல்:
வீடியோவை அப்படி ஒதுக்க முடியாது. அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராமப்புற மையங்களில் பயிற்சி பெற்ற பணியாளர் ஸ்லிட் லாம்ப்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) பார்த்து, கண்ணாடிக்கும் சோதித்த பிறகு, மருத்துவர் நோயாளியிடம் வீடியோவில் பேசுகிறார். தேனிப் பகுதியில் இதற்காகவே பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து நெடுந்தூர வைஃபை அமைத்தார்கள்.

படம்பார்ப்பவள்:
ஒத்துக்கொள்கிறேன். அது தினமும் திறந்திருக்கும் மையம், கண் சிவந்தவரும் வருவார், தூசி விழுந்தவரும் வருவார். நடைவண்டி கேட்பது விழித்திரை முகாம்.

நடைவண்டி:
சரி, இருட்டறை ஏற்பாடு செய்கிறோம். வேறு என்ன?

படம்பார்ப்பவள்:
பாதிப்பு தெரிந்தவருக்கு லேசரோ ஊசியோ எங்கே போடுவார்கள், தேதி யார் வாங்குவது, கூட யார் போவது? இதை முதலில் பேசி முடியுங்கள். தொடக்கத்தில் பார்வை நன்றாகவே இருக்கும் என்பதால் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று பலர் போகமாட்டார்கள். அவர்களுக்குத் தொலைபேசியில் நினைவூட்ட ஓர் ஆளை ஒதுக்குங்கள். கோளாறு இல்லாதவர்களையும் அடுத்த ஆண்டு திரும்பக் கூப்பிட வேண்டும், அந்தப் பட்டியலும் அவரிடமே இருக்கட்டும்.