அப்பா கால் புண்ணுக்கு லேசரா க்ளூவா, பண்ணவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம், மதுரை பக்கம் வெரிகோஸ் புண்ணுக்கு (கால் ரத்தக்குழாய் வீங்கி வர்ற புண்ணு) லேசரோ க்ளூவோ (கெட்டுப்போன அந்தக் குழாயை சூட்டாலயோ பசையாலயோ அடைக்கிறது) பண்ணவங்க யாராவது இருக்கீங்களா? அப்பா சலூன் வச்சிருக்காரு, காலம்பூரா நின்னே வேலை. இடது கணுக்கால் உள்பக்கம் தோல் கறுத்துப்போய் நடுவுல புண்ணு, ஆறுற மாதிரி வந்து மறுபடி நீர் வடிய ஆரம்பிச்சிடுது, வேட்டி ஓரமெல்லாம் ஈரம். சுகர் இல்ல. டாப்ளர் ஸ்கேன்ல பெரிய நரம்போட (அதான் அந்த ரத்தக்குழாய்) வால்வு லீக்னு வந்திருக்கு.

டாக்டர் மொதல்ல புண்ணு ஆறட்டும், அதுவரைக்கும் இறுக்கக் கட்டு போதும்ங்கறாரு. ஆனா 2018ல வந்த ஈவ்ரா ஆய்வுல, இங்கிலாந்துல 450 பேர், கட்டோட சேத்து நரம்பையும் சீக்கிரமே அடைச்சவங்கள்ல பாதிப்பேருக்கு 56 நாளுக்குள்ள ஆறியிருக்கு, தள்ளிப்போட்டவங்களுக்கு 82. அதான் குழப்பமே.

லேசர், ஆர்எஃப்ஏ (ரேடியோ அலை சூட்டால அடைக்கிறது) ரெண்டுக்கும் நரம்பு நெடுக மரத்துப்போற ஊசி நிறைய போடணுமாம், க்ளூவுக்கு அவ்ளோ வேணாமாம் ஆனா ரேட் ஜாஸ்தி, ஃபோம் ஊசி (நுரை மருந்து ஏத்தி அடைக்கிறது) சீப் ஆனா அடைச்ச நரம்பு திரும்ப திறந்துக்க சான்ஸ் அதிகம்ங்கறாங்க. உங்களுக்கு எவ்ளோ ஆச்சு, முதலமைச்சர் காப்பீட்டு கார்டு எடுத்துக்கிட்டாங்களா, எப்போ திரும்ப நின்னு வேலை பாக்க முடிஞ்சது? வேப்பிலை அரைச்சு கட்டுங்கன்னு மட்டும் தயவுசெஞ்சு எழுதாதீங்க, அதெல்லாம் எங்க அத்தையே சொல்லிட்டாங்க.