டொமைனுக்கு ‘ஆட்களம்’ வேண்டாம், ‘பெருங்கிளை’ சரிப்படுமா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

உயிர்களை வகைப்படுத்துவதில் ஆக மேல்படியான டொமைனுக்கு ‘ஆட்களம்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று நேற்றுக் கேட்டிருந்தீர்கள். அது ஆளுகிற இடத்தைச் சொல்லும் சொல். எனக்கு உறுத்துவது அதுதான். டொமைனுக்குக் கீழே இருக்கும் கிங்டம் என்ற படிக்கு நல்லவேளையாகப் பள்ளிப் புத்தகத்தில் ‘உலகம்’ என்று போட்டுவிட்டார்கள். ‘ஐந்துலக வகைப்பாடு’ என்று பிள்ளைகள் திக்காமல் சொல்கிறார்கள். அதைத் தொட வேண்டாம். ‘திணை’ என்று எழுதுவோரும் உண்டு. பொதிகை மலையிலிருந்து தேரிக்காடு வரைக்கும் ஐந்திணையையும் கண்ணால் பார்க்கிற சீமையில் இருந்துகொண்டு, பூஞ்சை ஒரு திணை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனிதனும் விலங்குத் திணைதான் என்றால் தமிழ் வாத்தியார் சண்டைக்கு வருவார்.

டொமைன் சமாச்சாரம் வேறு. 1969இல் விட்டேக்கர் என்ற அறிவியலாளர் ஐந்து உலகமாகப் பிரித்தபோது, செல்லில் உட்கரு இல்லாத அத்தனையையும் மொனிரா என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டினார். 1977இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் அந்தச் சாக்கை அவிழ்த்தார்கள். புரதம் செய்கிற ரைபோசோம் எல்லா உயிரிலும் உண்டு, அதன் ஆர்.என்.ஏ. மிக மெதுவாகத்தான் மாறும். ஆகவே அதை ஒப்பிட்டால் யாருக்கு யார் எவ்வளவு தூரத்துச் சொந்தம் என்று தெரிந்துவிடும். பார்த்தால், உள்ளே ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு கூட்டம்: பாக்டீரியா, ஆர்க்கியா. நுண்ணோக்கியில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் பாக்டீரியாவின் செல்சுவரில் உள்ள பெப்டிடோகிளைக்கான் என்ற பொருள் ஆர்க்கியாவில் கிடையாது, செல்சவ்வின் கொழுப்பும் வேறு. 1990இல் வோஸ், காண்ட்லர், வீலிஸ் மூவரும் உலகங்களுக்கு மேலே டொமைன் என்று ஒரு படி வைத்து, செல்லில் உட்கரு உள்ள உயிர்களான யூகேரியாவையும் சேர்த்து மூன்றாக்கினார்கள். யார் வழியில் வந்தாய் என்பதுதான் அங்கே கேள்வி. எங்கே இருக்கிறாய் என்பது இல்லை.

இடத்தைப் பார்த்தால் என்ன ஆகும்? தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்துப் பாத்தியில், உப்பு இறுகும் சமயம் தண்ணீர் ரோஸ் நிறத்தில் நிற்கும். அந்த நிறத்தில் பெரும்பங்கு உப்பு விரும்பும் ஆர்க்கியாவுடையது. கூடவே டுனாலியெல்லா என்ற பாசி, அது யூகேரியா. பாக்டீரியாவும் உண்டு. ஒரே பாத்தியில் மூன்று டொமைன். இதில் எது யார் களம்? கொதிக்கிற ஊற்றில்தான் ஆர்க்கியா வாழும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்படி இல்லை. தாமிரபரணிப் பாசனத்தில் தண்ணீர் கட்டின நெல்வயல் சேற்றிலும், உழுகிற மாட்டின் வயிற்றிலும் மீத்தேன் உண்டாக்குவது அதே ஆர்க்கியாதான்.

இதற்கு நம்மிடமே சொல் இருக்கிறது. சம்பந்தம் பேசும்போது இங்கே சில சமூகங்களில் “நீங்க என்ன கிளை?” என்று கேட்பார்கள். ஒரே கிளை என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. பழந்தமிழிலும் கிளை என்றால் சுற்றம். மரத்துக்கும் பொருந்தும், வம்சத்துக்கும் பொருந்தும். டொமைனுக்குப் ‘பெருங்கிளை’ என்று வைக்கலாமா?

*

தம்பி,

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு மூதாதையும் அதன் வழியில் வந்த அத்தனையும் சேர்ந்த கூட்டமான கிளேடுக்கும் ‘கிளை’ என்றுதானே எழுதுகிறோம், குழப்பாதா? அப்புறம், யூகேரியாவே ஆர்க்கியாவுக்குள்ளிருந்து பிரிந்ததுதான் என்று இப்போது சொல்கிறார்களே. நாளைக்கு மூன்று இரண்டானால் உன் சொல் நிற்குமா? ‘தாய்க்கிளை’ என்று வைத்தால் என்ன?

*

அண்ணாச்சி,

கிளேடு எந்த அளவிலும் இருக்கலாம், அது கிளை. அதில் ஆகப் பெரியது பெருங்கிளை. குழப்பம் வராது, ஒன்றுக்கொன்று ஒத்தாசைதான்.

இரண்டாவது கேள்விதான் சரியான கேள்வி. 2015இல் ஆர்க்டிக் கடலடிச் சேற்றிலிருந்து யூகேரியாவுக்கு நெருங்கிய லோகியார்க்கியா என்ற ஆர்க்கியாக் கூட்டத்தின் மரபணுக்கள் கிடைத்தபிறகு, அந்தப் பக்கம் பேச்சு பலமாகத்தான் இருக்கிறது. அது நிலைத்தால் யூகேரியாவைத் தாய்க்கிளை என்று சொல்ல முடியாமல் போகும். கிளையிலிருந்து கிளை பிரிவதில் பெருங்கிளைக்கு ஒரு சேதமும் இல்லை. வேலி போட்ட ஆட்களம்தான் மாட்டிக்கொள்ளும்.

இன்னொன்று. நம் செல்லுக்குள் ஆற்றல் தருகிற உறுப்பான மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த பாக்டீரியா. ஆர்க்கியா வழிச் செல்லுக்குள் வந்து தங்கிவிட்டது. ஆக, யூகேரியா என்பதே இரண்டு கிளைக்கு நடுவில் நடந்த சம்பந்தம். ஒரே கிளைக்குள் கொள்வினை கொடுப்பினை கூடாது என்ற நம்மூர் விதிப்படியே நடந்திருக்கிறது.

யூகேரியாவுக்கு ‘மெய்க்கருவுயிரி’ போதும். ஆர்க்கியாவுக்கு மட்டும் ‘தொல்லுயிரி’ வேண்டாம் அண்ணாச்சி. தொல்லுயிரியல் என்றாலே புதைபடிவப் படிப்பு, பிள்ளைகள் டைனோசரைத் தேடும். வேறு சொல் சிக்கும்வரை ஆர்க்கியா என்றே எழுதுவோம்.