கலைச்சொல்: குவாண்டைஸ் – ‘காலத்திருத்தம்’ போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

இசைத் தயாரிப்புச் சொற்பட்டியலில் ‘குவாண்டைஸ்’ (quantize) மட்டும் இன்னும் தீராமல் நிற்கிறது. தாளத்தைச் சம அளவில் பிரிக்கும் கோடுகளைக் கட்டம் என்கிறோம்; வாசித்துப் பதிந்த சுரங்களை அருகிலுள்ள கட்டக்கோட்டுக்கு நகர்த்தும் வசதிதான் இது. இதுவரை வந்தவை துளிமமாக்கல், அடியொற்றல், அமர்த்தல், காலத்திருத்தம். தனித்தனியே பார்த்தால் நான்கும் சரிபோலத்தான் படுகின்றன. அதனால் பலருக்கும் தெரிந்த இரண்டு பாடல்களை வைத்துச் சோதிக்கலாம். சின்த்பாப்பில் நியூ ஆர்டரின் ‘புளூ மன்டே’ (1983), பிரிட்பாப்பில் பல்ப்பின் ‘காமன் பீப்பிள்’ (1995). முதலாவது தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே வேகம். இரண்டாவது போகப்போக வேகமெடுப்பது.

என் ஓட்டு ‘காலத்திருத்தம்’. 1980இல் வந்த தன் எல்.எம்.-1 டிரம் கருவியில் ரோஜர் லின் இந்த வசதிக்கு வைத்த பெயருக்கும் ஏறத்தாழ இதே பொருள்தான்.

-----

> என் ஓட்டு ‘காலத்திருத்தம்’.

ஐயா, வணக்கம். இரண்டு பாடல்களையும் வைத்துப் பார்த்தால் இந்தச் சொல் இரண்டு இடத்திலுமே தடுக்குகிறது.

‘புளூ மன்டே’யில் சின்த் பேஸை ஓட்டியது, குழுவின் பெர்னார்ட் சம்னர் உதிரிப்பாகங்களை வாங்கிக் கூட்டிய பவர்டிரான் தொடரி (சீக்வென்சர், அதாவது உள்ளிட்ட சுரங்களை வரிசையாகத் தானே ஓட்டும் கருவி). ஒலி மூக் சோர்ஸ் சின்தசைசருடையது, தாளம் ஓபர்ஹைம் டி.எம்.எக்ஸ் டிரம் கருவியுடையது. மின்னிசைக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பொது முறையான மிடி புழக்கத்துக்கு வராத நேரம் என்பதால் டிரம் கருவியும் தொடரியும் ஒரே துடிப்பில் ஓடத் தனியாக ஒரு மின்சுற்றே செய்தார்கள். குழுவின் ஜில்லியன் கில்பர்ட் ஒவ்வொரு சுரத்தையும் கையால் உள்ளிட்டார். அதாவது யாரும் வாசித்து, வாசித்ததைப் பிறகு இயந்திரம் நேராக்கவில்லை. சுரங்கள் பிறந்ததே கட்டத்துக்குள். எனவே அங்கே நடந்தது குவாண்டைஸே அல்ல. அதற்குத் தனிச்சொல் வேண்டும். ‘படியிடல்’ என்று வைக்கலாம்.

இதில் முக்கியமான இடம் ஒன்று உண்டு. உள்ளிடும்போது கில்பர்ட் ஒரு சுரத்தை விட்டுவிட்டதால் மெலடி முழுக்க இடம்பெயர்ந்து, தாளத்தோடு சற்று ஒட்டாமல் போகிறது. பாடலுக்கு அந்த விறைப்பான அழகு வந்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு என்பேன். இன்றைய மென்பொருளில் அந்த மெலடியைப் போட்டுக் குவாண்டைஸ் பொத்தானை எத்தனை தடவை அழுத்தினாலும் ஒன்றும் மாறாது. ஏனென்றால் ஒவ்வொரு சுரமும் ஏற்கெனவே ஏதோ ஒரு கட்டக்கோட்டின் மேல்தான் இருக்கிறது. தன்னுடைய கோட்டின் மேல் இல்லை, அவ்வளவுதான். பிழை இருக்கிறது, ‘திருத்தம்’ அதைத் தொடவில்லை. இந்தச் செயல் பிழையைத் தேடுவதில்லை, அருகிலுள்ள கோட்டை மட்டுமே தேடுகிறது.

‘காமன் பீப்பிள்’ கதை நேர்மாறு. நிக் பேங்க்ஸின் டிரம்ஸ் பாடல் நெடுக முன்னால் தள்ளிக்கொண்டே போகிறது. கடைசிப் பகுதியின் வெறி அந்த வேக ஏற்றத்தில்தான் இருக்கிறது. இதற்கு ‘காலத்திருத்தம்’ செய்யலாம் என்று எழுதினால், வாசித்தது பிழை என்று நாமே சொல்லிவிட்டதாகிவிடும். அதை ஏற்க எனக்கு மனமில்லை.

இன்னொரு சிக்கல்: நம் மரபில் காலம் என்றாலே வேகம். முதல் காலம், இரண்டாம் காலம் என்றுதான் பாடம். ‘காலத்திருத்தம்’ என்றதும் இசை தெரிந்தவர் வேகத்தை மாற்றுவதாகத்தான் எடுத்துக்கொள்வார். குவாண்டைஸ் வேகத்தை மாற்றுவதில்லை.

துளிமமாக்கலை ஒலிப்பதிவின் மற்றொரு வேலைக்கு விட்டுவிடுவோம். 16 பிட் பதிவில் ஒலியின் வீச்சு 65,536 படிகளில் ஒன்றாக முடிவாகிறதே, அதற்கு அது பொருந்தும். ஒரே நிரலில் இரண்டுக்கும் ஒரே சொல் வந்தால் குழப்பம்.

-----

தம்பி சொன்னது சரி. ‘அடியொற்றல்’ என்பதும் கேட்க அழகாக இருந்தாலும் பொருள் பிசகும். ஒருவர் அடியை ஒற்றுவதென்றால் பின்னால் போவது. இங்கே பிந்திய சுரம் முன்னால் இழுக்கப்படுகிறது, முந்திய சுரம் பின்னால் தள்ளப்படுகிறது. இரண்டு திசையும் உண்டு.

‘அமர்த்து’ வேண்டாம். எங்கள் நெல்லைப் பக்கம் லைட்டை அமத்து என்றால் அணைப்பது. பொத்தானில் அப்படி எழுதியிருந்தால் சத்தம் நின்றுவிடும் என்று தொடவே பயப்படுவார்கள். ‘ஒட்டு’ ஏற்கெனவே வெட்டி ஒட்டுவதற்குப் போய்விட்டது. ‘கட்டப்பொருத்தம்’ என்று யாராவது கொண்டுவருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: ஜாதகம்தான் நினைவுக்கு வரும்.

நான் வைப்பது ‘கட்டமிருத்து’. குடியிருத்து, சிறையிருத்து போல. ஓரிடத்தில் இருக்கச் செய்வது மட்டுமே பொருள், முன்பு இருந்த இடம் தப்பு என்ற தொனி இல்லை. ‘கட்டத்தில் இருத்து’ என்று விரித்தும் எழுதலாம். ஆனால் சேர்த்து எழுதாதீர்கள், அவசரமாகப் படிப்பவர் ‘கட்டத்திலிருந்து’ என்று படித்துவிடுவார்.

சொல் தாங்குகிறதா என்று வேலையில் வைத்துப் பார்க்கிறேன். நிமிடத்துக்கு 150 அடி என்றால் ஓர் அடி 400 மில்லிநொடி, பதினாறில் ஒரு பங்குக் கட்டம் 100. பாதி, அதாவது 50 மில்லிநொடிக்கு மேல் விலகிய சுரம் தன் இடத்துக்குத் திரும்பாது, பக்கத்துக் கட்டத்தில் போய் உட்காரும். இப்போது டிரம்மர் 145இல் வாசிக்கிறார் என்று வையுங்கள். அவருடைய அடி சுமார் 413.8 மில்லிநொடி. அடிக்கு 13.8 பிந்தினால் நாலே அடியில் 55 ஆகிவிடும். ஆக, முதல் பார் (நாலு அடி கொண்ட ஒரு சுற்று) முடிந்து அடுத்த பாரின் முதல் அடி விழும்போதே இருத்தல் தப்பான கட்டத்துக்குத் தாவிவிடும். வேகம் ஏறும் பாட்டை நிலையான கட்டத்தில் இருத்தினால் நொறுங்கிப்போவது இதனால்தான்.

செய்யவேண்டியது, கட்டத்தைப் பாட்டுக்கு வளைப்பது. ஒவ்வொரு பாரின் முதல் அடியிலும் குறி வைத்து வேக வரைவு ஒன்று எடுக்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் குறி வைத்தால் டிரம்மரின் சின்னச் சின்ன அசைவும் கட்டத்துக்குள் போய்விடும், பிறகு இருத்த ஒன்றும் மிஞ்சாது. குறி சரியாக விழுந்ததா என்று மெட்ரோனோமை ஓடவிட்டுக் கேளுங்கள். கிக் டிரம்மும் மெட்ரோனோமின் கிளிக்கும் பிரிந்து இரட்டையாகக் கேட்கிற பாரில்தான் குறி தவறியிருக்கும். அதன் பிறகே இருத்தல், அதுவும் 50 அல்லது 60 சதவீதம். 60 என்றால் 20 மில்லிநொடி பிந்திய சுரம் 8 மில்லிநொடி பிந்தியதாக நிற்கும். வாசித்தவரின் கை அந்த எட்டில் உயிரோடு இருக்கும்.

டிரம்ஸ் பல மைக்கில் பதிவானது என்றால் எல்லா டிராக்கையும் ஒரே குழுவாகக் கட்டித்தான் இருத்த வேண்டும். ஸ்னேர் டிரம்மை மட்டும் நகர்த்தினால், எல்லாவற்றையும் மேலிருந்து பிடிக்கும் ஓவர்ஹெட் மைக்கில் விழுந்த அதே அடி பழைய இடத்திலேயே கிடக்கும். ஓர் அடி இரண்டாகக் கேட்கும், அல்லது ஃபேஸ் கெட்டு, அதாவது இரண்டு ஒலியலைகளும் ஒன்றையொன்று தின்று, ஸ்னேர் சவசவத்துப்போகும். வெட்டு அடிக்குச் சற்று முன்னால் விழட்டும், வெட்டில் ஓர் ஒலி மங்க அடுத்தது எழும்படி 5 முதல் 10 மில்லிநொடி குறுக்கு மங்கலும் (கிராஸ்ஃபேட்) வையுங்கள். சிம்பலின் நீளும் ஒலி வெட்டுப்படுகிறதா என்று அதைத் தனியாக ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

‘இருத்து’, ‘60% இருத்து’, ‘இருத்திய டிராக்’, ‘இருத்தாத டிராக்’. எங்கேயும் சொல் முரண்டு பிடிக்கவில்லை.

-----

இருவருக்கும் நன்றி. வாதம் தெளிவாக இருப்பதால் என் முன்மொழிவை விலக்கிக்கொள்கிறேன். மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏறும் வடிவம் இது:

கட்டமிருத்து (வினை), கட்டமிருத்தல் (பெயர்): வாசித்துப் பதிந்த சுரங்களையோ அடிகளையோ அருகிலுள்ள தாளக் கட்டக்கோட்டுக்கு முழுமையாகவோ ஒரு விகிதத்திலோ நகர்த்துதல். பொத்தானில் ‘இருத்து’. எ.கா. ‘கிட்டாரை இருத்தாமல் விட்டு, டிரம்ஸை மட்டும் 50% இருத்தினோம்.’

படியிடல்: வாசிக்காமல், சுரங்களை ஒவ்வொன்றாகத் தொடரியில் உள்ளிடுதல். எ.கா. ‘புளூ மன்டேயின் சின்த் மெலடி படியிட்டது, கட்டமிருத்தியது அல்ல.’

வேக வரைவு: பாடலின் வேகம் பாருக்குப் பார் மாறுவதைக் காட்டும் கட்டமைப்பு. எ.கா. ‘காமன் பீப்பிளை ரீமிக்ஸ் செய்ய முதலில் வேக வரைவு எடுக்க வேண்டும்.’

துளிமமாக்கல்: வீச்சுக்கு மட்டும்.

இரட்டைச் சுரங்களில் இரண்டாவதைச் சற்றுப் பிந்தவைக்கும் சுவிங்கைத் தனி இழையில் எடுப்போம். லின் வழியில் 50% என்றால் நேர் நடை, 66% என்றால் மும்மைச் சாய்வு. ‘நடைச்சாய்வு’ என்பது என் முதல் யோசனை. திஸ்ர நடை என்ற மரபுச் சொல் இருக்கும்போது அது தேவையா என்று மிருதங்கம் அறிந்தவர்கள் எழுதுங்கள். 58% போன்ற இடைநிலைகளைத் திஸ்ரம் என்று சொல்ல முடியாது என்பதையும் மனத்தில் வைத்து எழுதுங்கள்.