24 எச்பி மினி டிராக்டருக்குத் தென்னங்கட்டை எடுக்க எந்தக் கருவி?

மணல்மேடு:
பேராவூரணி பக்கம் 3 ஏக்கர் தோப்பு, மணல் கலந்த செம்மண். காய்ப்பு ஓய்ந்த மரங்களை வெட்டியதில் 46 கட்டை நிற்கிறது, எல்லாம் தரையோடு அறுத்தது. இன்னும் 20 மரம் வெட்ட வேண்டும். அதோடு வேம்பு 4, வரப்பில் சீமைக் கருவேலம் பத்துப் பதினைந்து. கையில் இருப்பது 24 எச்பி, நான்கு சக்கர இழுவை மினி டிராக்டர், ஹைட்ராலிக் தூக்குத்திறன் 750 கிலோ, முன்பக்க லோடர் இல்லை. பி.டி.ஓ.வில் (எஞ்சின் சுழற்சியைக் கருவிக்குத் தரும் பின் தண்டு) ஓடும் ஸ்டம்ப் கிரைண்டர் (பல் வைத்த தட்டு சுழன்று கட்டையைத் தூளாக்கும்), பின்னால் மூன்று புள்ளி இணைப்பில் மாட்டும் சின்ன பேக்ஹோ (பக்கெட் வைத்துத் தோண்டும் கை), மண்ணை ஆழமாகக் கீறும் ஒற்றைக் கொழு உளிக் கலப்பை, இந்த மூன்றில் எதை வாங்கலாம்? கட்டை போன பிறகு மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் ஓட்டி வாழை ஊடுபயிர் போடும் எண்ணம். ஒன்றரை லட்சத்துக்குள் முடிய வேண்டும்.

கொழுமுனை:
முதல் வேலை: அந்த 20 மரத்தைத் தரையோடு அறுக்கச் சொல்லாதீர்கள். பிடுங்கி எடுப்பதாக இருந்தால் 4 முதல் 5 அடி தண்டு நிற்கட்டும். அதுதான் நெம்புகோல். மேலே தள்ளினால் கீழே தூர் தானாகக் கிளம்பும். தரைமட்டத்தில் அறுத்த கட்டையில் பிடிக்க எதுவும் இல்லாததால் சுற்றிலும் தோண்டித்தான் தீர வேண்டும். கிரைண்டர் என்றால் நேர் எதிர், எவ்வளவு தாழ அறுக்கிறீர்களோ அவ்வளவு வேலை மிச்சம். ஆகவே கருவியை முடிவு செய்த பிறகுதான் வாள் போட வேண்டும், பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது.

கிரைண்டர் தென்னைக்கு ஒத்துவராது என்பேன். கார்பைடு பல் வேம்பைத் தூளாக்கும். தென்னை நார் துண்டாகாது, உரிந்து கயிறாக வரும். தட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் சுற்றிக்கொண்டு சூடேறி ஆயில் சீலைத் தின்னும். சீல் போனால் மணல் உள்ளே போகும், அடுத்தது பேரிங். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எஞ்சினை அணைத்து, தட்டு முழுதாக நின்ற பிறகு நாரை அறுத்தெடுத்தால் ஓட்டலாம். 66 கட்டைக்கு அந்தப் பொறுமை யாருக்கு இருக்கிறது? போதாததற்கு, விளக்குக் கம்பி கட்ட அடித்த ஆணி பழைய தோப்பில் எல்லா மரத்திலும் இருக்கும். ஒரு ஆணி போதும், பல் உடைய.

இன்னொன்று: தட்டைப் பக்கவாட்டில் ஆட்டும் மாடலுக்கு இருபக்க எண்ணெய் வழி உள்ள ஸ்பூல் வால்வு (ஹைட்ராலிக் எண்ணெயைத் திருப்பிவிடும் வால்வு) வேண்டும். பல மினி டிராக்டர்களில் பின்னால் ஒற்றை வழிக் குழாய்தான் இருக்கிறது, சிலவற்றில் அதுவும் இல்லை. ஆட்டும் வசதி இல்லாத மலிவு மாடலை வாங்கினால், டிராக்டரையே இஞ்ச் இஞ்சாகப் பின்னால் தள்ளிக் கடிக்க வைக்க வேண்டும். கிளட்ச் தட்டு கரியாகிவிடும்.

பட்டறை ஸ்பேனர்:
பேக்ஹோ பற்றி. மூன்று புள்ளியில் மட்டும் மாட்டும் பேக்ஹோவை 24 எச்பி வண்டிக்கு யார் விற்றாலும் வாங்காதீர்கள். பக்கெட் வேரில் மாட்டி இழுக்கும்போது அந்த விசை முழுக்க டாப் லிங்க் (மூன்று புள்ளியில் மேலே உள்ள கை) பிடித்திருக்கும் வார்ப்பு இரும்பில்தான் போய் விழும். டாப் லிங்க் தள்ளுவதற்கும் இழுப்பதற்கும் செய்த உறுப்பு, முறுக்குவதற்கு அல்ல. பின்பக்க ஹவுசிங்கில் (அந்த வார்ப்பு இரும்புக் கூட்டில்) விரிசல் விழுந்தால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டி வரும். வண்டியின் அடியில் முன் அச்சு வரை ஓடும் துணைச் சட்டத்தில் பேக்ஹோவைக் கட்டினால்தான் சரி. அந்தச் சட்டம் உங்கள் மாடலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். உங்கள் பட்ஜெட்டுக்குள் அது வராது.

உளிக் கலப்பை வாங்கலாம், ஆனால் அது கட்டையைப் பிடுங்கும் கருவி இல்லை, வேர் அறுக்கும் கருவி. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. தூரின் அடியிலிருந்து விரல் தடிமனில் ஆயிரக்கணக்கான வேர் சமமாகப் பரவியிருக்கும். ஒவ்வொன்றும் தனியாக அறுபடும், மொத்தமாக இழுத்தால் அசையாது. கட்டையின் விளிம்பிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நான்கு பக்கமும் கோடு போடுங்கள். முதல் சுற்றில் 15 செ.மீ., அடுத்ததில் 30 செ.மீ. ஆழம். ஒரே ஓட்டத்தில் 40-க்குப் போனால் பின் டயர் சுழன்று குழிதான் பறிக்கும். தண்ணீர் பாய்ச்சி இரண்டு மூன்று நாள் கழித்து ஓட்டினால் உங்கள் மண்ணில் கொழு நன்றாக இறங்கும்.

கொழுவில் இருக்கும் ஷியர் போல்ட் (விசை மீறினால் தான் உடைந்து கருவியைக் காப்பது) உடைந்தால் அதே தரத்தில் போடுங்கள். 8.8 தர போல்ட் உடைகிறதே என்று அதைவிட வலுவான 12.9 மாட்டுவது வழக்கமாக நடக்கும் தவறு. போல்ட் காப்பாற்ற வேண்டிய இடத்தில் அடுத்து வளைவது கீழ்க்கை, அதாவது மூன்று புள்ளியில் கருவியைத் தூக்கும் கை. கேட்டகரி 1 (சின்ன டிராக்டரின் மாட்டு அளவு) கீழ்ப்பின் 22 மி.மீ. விட்டம்தான், பெரிய டிராக்டரின் கலப்பையை இரவல் வாங்கினால் பொருந்தாது.

மணல்மேடு:
வேரை அறுத்துவிட்டுச் சங்கிலி போட்டு வண்டியாலேயே இழுத்துவிட முடியாதா?

பட்டறை ஸ்பேனர்:
அறுத்த பிறகு சிறிய கட்டை வரும். சங்கிலியை டிராபாரில் (பின்னால் தாழ உள்ள இழுவைச் சட்டம்) மட்டும் மாட்டுங்கள், பின் அச்சின் உயரத்துக்குக் கீழே. டாப் லிங்க் பின்னிலோ, தூக்கிய கீழ்க்கைகளிலோ மாட்டி இழுத்தால் கட்டை அசையாதபோது சக்கரம் நிற்க, வண்டி அச்சைச் சுற்றித் தலைக்கு மேல் வரும். கிளட்சில் கால் வைக்க நேரம் இருக்காது. ஜெர்க் கொடுப்பதும் வேண்டாம். அரை மணி நேரம் முயன்றும் வராத கட்டையை விட்டுவிடுங்கள்.

தோப்புக்காரர்:
இரண்டு பேரும் கருவியைப் பற்றிப் பேசிவிட்டார்கள், கணக்கைப் பேசுவோம். தண்டு உயரமாக நின்றால் ஜேசிபி ஒரு தென்னையைத் தூரோடு பெயர்க்க 5 முதல் 10 நிமிடம். தரையோடு அறுத்ததற்கு அதைப்போல இரண்டு மடங்கு வையுங்கள். உங்கள் 66-க்கும் வேம்புக்கும் சேர்த்து இரண்டு, மூன்று நாள் வேலை. உங்கள் ஊர் மணி வாடகையால் பெருக்கிப் பாருங்கள், பிறகு வருடத்தில் 360 நாள் கொட்டகையில் நிற்கப்போகும் கிரைண்டரின் விலையோடு ஒப்பிடுங்கள். முன்கூட்டியே உளிக் கலப்பையால் வேர் அறுத்து வைத்தால் ஜேசிபி நேரம் இன்னும் குறையும். வெட்ட வேண்டிய 20-ஐ முதலில் சொன்னபடி 5 அடி விட்டு அறுங்கள்.

சீமைக் கருவேலம் தனி விஷயம். தரைக்குக் கீழே ஒரு சாண் வரை உள்ள கழுத்துப் பகுதியிலிருந்துதான் அது துளிர்க்கும். மேலோடு சீவினால் ஒரு தண்டு இருந்த இடத்தில் ஆறு வரும். 30 செ.மீ. ஆழத்தில் அந்தக் கழுத்தை அறுத்தெடுத்தால் போதும், ஆணிவேரை முழுசாகத் தேட வேண்டாம்.

எடுத்த தூர்களைத் தோப்பு ஓரத்தில் குவிக்காதீர்கள். மக்கும் தென்னங்கட்டைதான் காண்டாமிருக வண்டு முட்டையிடும் இடம், மிச்சமுள்ள மரத்தின் குருத்தை அதுவே துளைக்கும். பிளந்து காயவைத்து எரியுங்கள். வெட்டிய மரங்களில் அடித்தண்டிலிருந்து செம்பழுப்புச் சாறு வடிந்திருந்தால் அது தஞ்சாவூர் வாடல் நோயாக (வேரைத் தாக்கும் பூஞ்சை நோய்) இருக்கலாம். அந்தக் குழியில் வேர் ஒன்றுகூட மிஞ்சாமல் எடுக்க வேண்டும். கிரைண்டர் அங்கே உதவவே உதவாது, மேலே 25 செ.மீ. தூளாக்கிவிட்டு நோய் பிடித்த வேரைக் கீழேயே விட்டுவிடும்.

மணல்மேடு:
சாறு வடிந்தது நான்கு மரம் இருந்தது. அவற்றை முதல் நாளிலேயே தனியாக எடுத்துவிடுகிறேன். கிரைண்டர் வேண்டாம், உளிக் கலப்பை மட்டும் வாங்கப் போகிறேன். கொழு எவ்வளவு அகலம் பார்த்து வாங்குவது?

கொழுமுனை:
இரண்டு இஞ்ச், மாற்றிப் போடும் முனை. தேய்ந்த முனை வேரை அறுக்காது, நழுவி மேலே ஏறும், எனவே கூடவே ஒரு உபரி முனையும் ஐந்தாறு ஷியர் போல்ட்டும் வாங்கிவிடுங்கள். முன்பக்கம் எடை மாட்டாமல் ஓட்டாதீர்கள், முன் சக்கரம் லேசாகிவிட்டால் ஸ்டீயரிங் கேட்காது.