லண்டனில் பி.டி.எஸ்.: திங்கட்கிழமை கிளினிக்கில் சேரச் சொல்கிறார்கள், சேரலாமா?

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். அவசரம், கொஞ்சம் வழி சொல்லுங்கள். நான் மதுரையில் நான்கு வருடம் பல் மருத்துவராக இருந்தேன். இங்கே வந்து ஐந்து மாதம் ஆகிறது, ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். வெளிநாட்டில் படித்த பல் மருத்துவர்கள் இங்கே பதிவு பெற எழுதும் ஓ.ஆர்.இ. தேர்வுக்கு இந்த முறையும் இடம் கிடைக்கவில்லை. முன்பதிவு திறந்ததும் உள்ளே போனேன், அட்டை விவரம் அடித்து முடிப்பதற்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது. ஊரில் கிளினிக்குக்கு வாங்கிய கடனுக்கு மாதத் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது.

தெரிந்தவர் மூலம் ஒரு கிளினிக் கிடைத்திருக்கிறது. உரிமையாளரும் நம்மவர்தான். "பேருக்கு நர்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேலிங் (பல் காறை எடுப்பது) மட்டும் நீங்கள் செய்யுங்கள், குறிப்பை என் பெயரில் எழுதிவிடுகிறேன், காசு கையில் தருகிறேன்" என்கிறார். திங்கட்கிழமை வரச் சொல்கிறார். போகலாமா வேண்டாமா? இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை.

லெஸ்டர்வாசி:
சகோதரி, முதல் வேலையாக லண்டனை விட்டுக் கிளம்புங்கள். நாங்கள் வந்த புதிதில் ஒற்றை அறைக்குக் கொடுத்த வாடகையில் லெஸ்டரில் முழு வீடே பிடிக்கலாம். என் மனைவி முதல் குளிர்காலம் முழுக்க ஒரு கிடங்கில் இரவு ஷிப்ட் பார்த்தார். விரல் நுனியெல்லாம் வெடித்து, கண்டாங்கத்திரி முள் குத்தியது மாதிரி இருக்கும் என்பார். அந்த நிலைமை உங்களுக்கு வரக்கூடாது. ஹைஜீனிஸ்டாக, அதாவது பல் சுத்தம் செய்பவராகப் பதிவு செய்துவிடுங்கள். அவருடைய தோழி 2021-ல் இந்திய பி.டி.எஸ். பட்டத்தை வைத்தே அப்படிப் பதிவு வாங்கினார், தேர்வே கிடையாது. ஸ்கேலிங்கைச் சட்டப்படி செய்யலாம்.

பல்லும்_சொல்லும்:
லெஸ்டர்வாசி, அந்தக் கதவு மூடி வெகு நாளாகிறது. வெளிநாட்டுப் பல் மருத்துவப் பட்டத்தைக் காட்டி ஹைஜீனிஸ்ட், தெரபிஸ்ட் பதிவு கேட்கும் வழியை 2023 மார்ச் 8-ல் சட்டத் திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். இன்னும் பலர் பழைய வீடியோவைப் பார்த்து ஏஜென்டுக்குப் பணம் கட்டுகிறார்கள். வைகைக்கரை, யாராவது அப்படிக் கேட்டால் ஒரு பென்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.

உங்கள் கேள்விக்கு: போகாதீர்கள். ஆனால் மேலே சொல்வதற்குச் சில விவரம் வேண்டும். எந்த விசா? ஐ.ஈ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு எழுதியாயிற்றா? தமிழ்நாட்டு பல் மருத்துவ கவுன்சில் பதிவு இன்னும் நடப்பில் இருக்கிறதா?

குரோய்டன்_அண்ணா:
எல்லோரும் பயமுறுத்தாதீர்கள். தங்கச்சிக்குக் கையில் தொழில் இருக்கிறது, அதைச் செய்வதில் என்ன தப்பு? என் உறவுக்காரப் பையன் ஒருவன் இப்படித்தான் ஆறு மாதம் ஓட்டினான், ஒன்றும் நடக்கவில்லை. கிளினிக் வேண்டாம் என்றால் அழகு நிலையத்தில் பல் வெளுக்கும் வேலை பார்க்கலாம். அது மருத்துவம் இல்லை, அதற்கு லைசென்ஸ் தேவையில்லை.

பல்லும்_சொல்லும்:
அண்ணா, நல்ல மனதோடு சொல்கிறீர்கள், ஆனால் இரண்டுமே தவறு. பல் வெளுப்பதும் பல் மருத்துவமே என்று 2013-ல் உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பதிவு இல்லாதவர்கள் அதைச் செய்தால், இங்கே பல் மருத்துவர்களைப் பதிவு செய்யும் கவுன்சிலான ஜி.டி.சி. வழக்குப் போடும். ஸ்கேலிங் பற்றிக் கேட்கவே வேண்டாம். 1984-ஆம் ஆண்டு பல் மருத்துவர் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, பதிவில்லாதவர் பல் மருத்துவம் செய்வதைக் குற்றம் என்கிறது. இங்கிலாந்தில் அதற்கான அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது. அபராதத்தைக்கூட எப்படியோ கட்டிவிடலாம். நாளைக்கு ஓ.ஆர்.இ. இரண்டு பாகமும் தேறி, பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது நன்னடத்தை பற்றிக் கேட்பார்கள். அந்த இடத்தில் ஒரு தண்டனை இருந்தால், பட்ட கஷ்டம் அத்தனையும் அங்கேயே நின்றுவிடும்.

டூட்டிங்_யாழ்:
பிள்ளை, நான் பேராதனையில் படித்து 2003-இல் இங்கே வந்தேன். அப்போது இந்தத் தேர்வுக்கு ஐ.க்யூ.இ. என்று பெயர், 2007-இல்தான் ஓ.ஆர்.இ. ஆனது. எனக்குக் கைக்குழந்தை. பகலில் ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் தட்டுக் கழுவுவேன், இரவு பிள்ளை உறங்கிய பிறகு படிப்பேன். சமையலறை மேசையில் திருகி வைத்த பொம்மைத் தலைதான் என் நோயாளி. பிளாஸ்டிக் பல்லைக் கடையும்போது சோப்பு வெட்டுவது போல வழுக்கும், உண்மையான எனாமலின் எதிர்ப்பே அதில் இல்லை. அதனால் கை தானாகவே ஆழமாகப் போய்விடும். அதை அடக்கப் பழகவே எனக்கு நாலு மாதம் எடுத்தது. வெள்ளைத் தூள் பறந்து போய் மாச் சட்டியில் படியும், மனுசன் ஒரு சொல் சொல்லவில்லை. மூன்றாவது முறைதான் தேறினேன்.

அந்த நாளிலும் இப்படிக் கூப்பிட்டவர்கள் இருந்தார்கள். போனவர்களில் ஒருவர் இன்றுவரை பதிவு எடுக்கவில்லை. நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

நீலகிரித்தேயிலை:
நானும் பி.டி.எஸ்.தான், இப்போது மருத்துவமனை நிர்வாகத்தில் இருக்கிறேன். பல்லையே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. பொதுச் சுகாதாரத்தில் ஒரு முதுகலை படித்தால் ஒன்றரை வருடத்தில் கண்ணியமான வேலை. ஓ.ஆர்.இ. என்று காத்திருந்து முப்பதுகளைத் தொலைத்தவர்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

டூட்டிங்_யாழ்:
விட்டுவிடு என்று ஐந்தே மாதத்தில் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளை அதைக் கேட்கவில்லை.

லெஸ்டர்வாசி:
எனக்கு இதில் ஒன்று மட்டும் புரியவே இல்லை. 2024 பிப்ரவரியில் பிரிஸ்டலில் செயின்ட் பால்ஸ் பகுதியில் ஒரு பல் மருத்துவமனை என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கியபோது, வரிசை தெருமுனை தாண்டிப் போய் போலீஸ் வர வேண்டியதாயிற்று. நாடு முழுக்க டாக்டர் இல்லை என்று கூப்பாடு. இங்கே நம் வீடுகளில் படித்த டாக்டர்கள் பெட்டி அடுக்குகிறார்கள். பட்டம் ஐரோப்பாவில் வாங்கியது என்றால் தேர்வில்லாமல் பதிவு, மதுரையில் வாங்கியது என்றால் இத்தனை தேர்வா?

குரோய்டன்_அண்ணா:
அதைத்தான் நானும் சொல்கிறேன். ஊரில் ஆயிரம் பல் பிடுங்கிய கைக்கு இங்கே மதிப்பில்லை. கொரோனா காலத்தில் 2020 தொடங்கி 2022 வரை அந்தத் தேர்வே நடக்கவில்லை. அப்போது காத்திருந்தவர்கள் வயிற்றுக்கு என்ன செய்தார்கள் என்று யாராவது கேட்டார்களா?

பல்லும்_சொல்லும்:
அந்தக் காத்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. 2019-ல் முதல் பாகம் தேறினேன், இரண்டாம் பாகம் எழுதும்போது 2023. நடுவில் என் அப்பா தவறிவிட்டார், "டாக்டர் ஆயிட்டியாம்மா" என்று கடைசியாகப் பேசியபோதும் கேட்டார். அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது. ஆனால் இப்போது இந்தப் பெண்ணுக்குத் திங்கட்கிழமை வருகிறது. முதலில் அதைப் பார்ப்போம். வைகைக்கரை, இருக்கிறீர்களா?

வைகைக்கரை:
இருக்கிறேன். எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை. போன சனிக்கிழமை அந்த உரிமையாளர் "சும்மா பார்த்துவிட்டுப் போங்கள்" என்று கூப்பிட்டார், போனேன். நாற்காலியில் ஒரு பெரியம்மா. உரிமையாளர் கருவியை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விட்டார். நானும் செய்துவிட்டேன். கீழ் முன்பற்களின் உள்பக்கம் முடிக்கும்போது ரத்தம் நிற்கவில்லை. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே "அம்மா, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா" என்று கேட்டேன். அவர் கைப்பையைத் துழாவி ஒரு பட்டையை எடுத்துக் காட்டினார். அபிக்ஸபான், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை. ஊரில் என்றால் நாற்காலியில் உட்கார வைக்கும் முன்பே கேட்டிருப்பேன். அவருடைய பழைய குறிப்பு எதையும் எனக்குக் காட்டவில்லை. இருபது நிமிடம் அழுத்திப் பிடித்தேன், நின்றது. என் கையைப் பிடித்து "நல்லா இரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்துதான் தூக்கம் இல்லை.

விசா: கணவருக்கு ஸ்கில்டு ஒர்க்கர், நான் அவரைச் சார்ந்த விசா. ஓ.இ.டி. தேறிவிட்டேன். கவுன்சில் பதிவைப் புதுப்பிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

டூட்டிங்_யாழ்:
சொன்னது நல்லது, பிள்ளை. அழுத்திப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றாயே, அது வைத்தியரின் குணம். அந்த அம்மா இப்போது எப்படி இருக்கிறார்? யாராவது கேட்டீர்களா?

வைகைக்கரை:
கேட்கவில்லை. அவருடைய எண் என்னிடம் இல்லை.

குரோய்டன்_அண்ணா:
தங்கச்சி, நான் முதலில் எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். என் அம்மாவும் அதே மாத்திரைதான் சாப்பிடுகிறார். யார் கை வைத்தது, எதைக் கேட்டார்கள் என்று நாளைக்கு எனக்குத் தெரிய வேண்டியிருந்தால் அந்தக் குறிப்பில் வேறொருவர் பெயர் அல்லவா இருக்கும். போகாதே.

பல்லும்_சொல்லும்:
சரி, இப்போது வேலையைப் பார்ப்போம்.

இன்றைக்கே அந்த உரிமையாளருக்கு எழுத்தில் செய்தி அனுப்புங்கள். இரண்டே வரி போதும்: நான் வரவில்லை, சனிக்கிழமை வந்த அம்மாவுக்கு ரத்தம் கசிந்தது, அபிக்ஸபான் எடுக்கிறார், இன்றே கூப்பிட்டு நலம் விசாரியுங்கள். போனில் பேசாதீர்கள், பேசினால் மனதைக் கரைத்துவிடுவார். பணம் எதுவும் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுப்பது பற்றி வழக்கறிஞரைக் கேளுங்கள். சனிக்கிழமை நடந்ததை நேரம் உட்பட ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள். தொழில் ஒழுங்குமுறை வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள், செலவுதான், ஆனால் கண்டிப்பாகச் செய்யுங்கள். அந்த கிளினிக்கைப் பற்றிப் புகார் கொடுப்பதா என்பதையும் அவரோடு பேசி முடிவெடுங்கள். பின்னாளில் யாராவது கேட்டால் மறைக்க மட்டும் கூடாது.

நீங்கள் சார்ந்த விசா என்றால் வேலை பார்க்கத் தடை இல்லை, அது பெரிய நிம்மதி. பயிற்சி நர்ஸ் வேலையை முறையாகவே செய்யலாம். ஜி.டி.சி. ஏற்ற படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும், பதிவுள்ளவரின் நேரடி மேற்பார்வை வேண்டும், ஹெபடைடிஸ் பி தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். சக்ஷன் பிடிப்பது, கலவை கலப்பது, பல் பட்டியல் எழுதுவது எல்லாம் உண்டு. ஸ்கேலர் உங்கள் கைக்கு வரவே கூடாது, யார் கொடுத்தாலும். சம்பளம் குறைவுதான். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் வலியை எப்படிச் சொல்கிறார்கள், ஒப்புதல் எப்படி வாங்குகிறார்கள் என்பது காதில் விழுந்துகொண்டே இருக்கும். எனக்கு இரண்டாம் பாகத்தில் அதுதான் கைகொடுத்தது. அது பிடிக்கவில்லை என்றால் வரவேற்பறை வேலைக்குப் பதிவே தேவையில்லை. எங்கே போனாலும் முதலில் மருத்துவர் பெயரை ஜி.டி.சி. இணையதளப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

தேர்வுக்கு: 1,600 மணி நேரம் நோயாளிகளுக்கு நீங்களே சிகிச்சை செய்ததற்கான சான்று வேண்டும். இன்டர்ன்ஷிப்போடு உங்கள் நான்கு வருடத்தையும் எழுதி வாங்குங்கள். கவுன்சில் பதிவை இந்த வாரமே புதுப்பிக்க ஏற்பாடு செய்யுங்கள், இங்கே பதிவு கேட்கும்போது அங்கிருந்து நன்னடத்தைச் சான்றிதழ் வர வேண்டியிருக்கும். ஓ.ஆர்.இ. ஒன்றே வழி என்று உட்கார்ந்துவிடாதீர்கள். இங்கிலாந்து அறுவை மருத்துவர் ராயல் கல்லூரி நடத்தும் எல்.டி.எஸ். தேறினாலும் ஜி.டி.சி. பதிவு உண்டு. இரண்டின் தேதிகளையும் கவனித்துக்கொண்டே இருங்கள். இரண்டாம் பாகத்துக்கு 4,000 பவுண்டுக்கு மேல் ஆகும், மாதம் கொஞ்சமாக இப்போதே ஒதுக்குங்கள்.

நீலகிரித்தேயிலை:
ஊர்க் கடனுக்கு வங்கியில் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டக் கேட்கலாம், நாங்கள் கேட்டுச் செய்தோம். பல்லை விடச் சொன்னதற்கு மன்னியுங்கள், அது என் கதை.

டூட்டிங்_யாழ்:
பிள்ளை, என்னுடைய பொம்மைத் தலை இன்னும் பரணில் இருக்கிறது. ரப்பர் கன்னம் ஒரு பக்கம் கிழிந்துவிட்டது, மற்றபடி நல்ல நிலையில்தான். டூட்டிங்குக்கு வந்து எடுத்துக்கொண்டு போ. பிளாஸ்டிக் பல் மட்டும் புதிதாக வாங்க வேண்டும்.

வைகைக்கரை:
செய்தி அனுப்பிவிட்டேன். "அந்த அம்மாவிடம் பேசினேன், நலமாக இருக்கிறார்" என்று மட்டும் பதில் வந்தது, வேறு ஒன்றும் எழுதவில்லை. வழக்கறிஞரிடம் புதன்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன். அக்கா, ஞாயிற்றுக்கிழமை மதியம் வரலாமா? கணவரும் வருவார், தலை கனமாக இருக்கும் என்கிறார்.

டூட்டிங்_யாழ்:
வா. மதியச் சாப்பாடு இங்கேதான்.